கூட யாரு இருந்தா?

டி. கல்லுப்பட்டி பஸ் ஸ்டாண்டில் நின்று "போஸு!" என்று ஒரு சத்தம் கொடுத்துப் பாருங்கள். டீ ஆத்திக்கொண்டிருப்பவர் நிமிர்வார். ராஜபாளையம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் ஒருவர் எட்டிப் பார்ப்பார். சந்திரபோஸ், சுபாஷ், நேதாஜி என்று முழுசாகவும் பாதியாகவும் அந்தப் பெயர் எங்கள் பக்கத்து ரேஷன் கார்டுகளில் மூன்று தலைமுறையாக ஓடிக்கொண்டிருக்கிறது. மதுரைக்குள் போனால் ஒரு பகுதிக்கே ஜெய்ஹிந்துபுரம் என்று பெயர். கட்டாக்கில் பிறந்த ஒரு வங்காளியின் பெயர் எங்கள் கரிசல்காட்டில் எப்படி இவ்வளவு ஆழமாக வேர்விட்டது என்று சின்ன வயதில் யோசித்ததே இல்லை. வேப்பமரம் எப்படி வந்தது என்று யாராவது யோசிப்பார்களா?

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் பதில் ஒன்று உண்டு. 1939 செப்டம்பரில் சுபாஷ் சந்திர போஸ் மதுரைக்கு வந்தார். பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் அவரை வரவேற்றார். பார்வர்டு பிளாக் இந்த மாவட்டங்களில் வளர்ந்தது. சரிதான். ஆனால் அது மேடையின் கதை. இன்னொரு கதை இருக்கிறது. அது நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் போனது, தாடியும் மலேரியாக் காய்ச்சலுமாகத் திரும்பி வந்தது.

அப்படித் திரும்பி வந்த ஒருவர் எங்கள் தெருவில் இருந்தார். அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஊருக்கு அவர் 'ஐயன்னா தாத்தா'. ஐ.என்.ஏ. என்ற மூன்றெழுத்தை ஊர்வாய் அப்படி ஆக்கி வைத்திருந்தது. ஆகஸ்ட் 15 அன்று பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு மிட்டாய் கொடுக்கும்போது, அவர் வேலிக்கு வெளியே ரோட்டோரம் நிற்பார். கொடி ஏறும்போது குதிகால் இரண்டும் ஒட்டும். கை நெற்றிக்குப் போகும். முடிந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு காட்டுக்குப் போய்விடுவார். அவரை யாரும் உள்ளே கூப்பிட்டதில்லை. அவரும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை.

அவருக்குத் தியாகி பென்ஷன் கிடையாது. ஒருமுறை திண்ணையில் உட்கார்ந்து அதைச் சொன்னார். கோபமே இல்லாமல், மழை பெய்யாததைப் பற்றிப் பேசுகிற மாதிரிச் சொன்னார்: "ஜெயில்ல இருந்தியாங்குறாய்ங்க. இருந்தேன்ங்குறேன். அப்ப கூட இருந்தவன் ரெண்டு பேரக் கூட்டியா, கையெழுத்துப் போடச் சொல்லுங்குறாய்ங்க. கூட இருந்தவன்ல பாதிப்பேரு பர்மாவுலயே போயிட்டான். மீதிப்பேரு எந்த ஊருன்னே தெரியாது. நான் எவனப்பா கூட்டியார?"

2012 ஜூலை 24 காலை. கேப்டன் லட்சுமி முந்தின நாள் கான்பூரில் இறந்துபோன செய்தி பேப்பரில் வந்திருந்தது. தாத்தாவுக்கு அப்போது கண் சரியாகத் தெரியாது. என்னைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். "பூராத்தையும் வாசி" என்றார். முடித்ததும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டார்:

"கூட யாரு இருந்தா?"

குடும்பத்தைக் கேட்கிறார் என்று நினைத்து, "மகள் இருந்தாங்களாம் தாத்தா" என்றேன்.

"அதில்லப்பா. நம்மாளுக யாரு இருந்தாங்க?"

என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்விக்குப் பின்னால் எவ்வளவு பெரிய வரலாறு கிடக்கிறது என்று அப்போது எனக்குத் தெரியவும் தெரியாது. பின்னால் தேடித் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1

லட்சுமி சுவாமிநாதன் 1914 அக்டோபர் 24 அன்று சென்னையில் பிறந்தார். அப்பா சென்னை உயர் நீதிமன்றத்தில் பெயர்பெற்ற வக்கீல். அம்மா அம்மு சுவாமிநாதன் அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினராக இருந்தவர். 1952-இல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் நம் பக்கத்துத் திண்டுக்கல் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் போனவர். தங்கை நடனக் கலைஞர் மிருணாளினி சாராபாய். வசதியான, செல்வாக்கான வீடு. லட்சுமி சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து 1938-இல் டாக்டரானார். 1940-இல் சிங்கப்பூர் போனார். அங்கே அவரிடம் வைத்தியத்துக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் ஏழைத் தொழிலாளிகள்.

அந்தத் தொழிலாளிகள் யார்? மதுரை, ராமநாதபுரம், திருச்சி, தஞ்சாவூர்ச் சீமைகளிலிருந்து கங்காணிகள் பேசி அழைத்துப் போனவர்கள். மழை பொய்த்த வருஷம் ஊருக்குள் கங்காணி வருவார். அக்கரையில் ரப்பர் மரத்தில் பால் வடித்தால் தினக்கூலி உண்டு என்பார். நாகப்பட்டினத்தில் கப்பலேறினால் பினாங்கு. இன்றைக்கும் எங்கள் பக்கம் "அக்கரைச்சீமைக்குப் போன குடும்பம்" என்றால் பெரியவர்களுக்குப் புரியும். 1938-இல் கங்காணி முறை முடிவுக்கு வந்தது. அதற்குள் மலாயாத் தோட்டங்களில் தமிழர்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள்.

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. இரண்டு நாள் கழித்து, பாரர் பார்க் மைதானத்தில், பிரிட்டிஷ் ராணுவத்திலிருந்த 40,000-க்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்களை ஒரு பிரிட்டிஷ் அதிகாரி ஜப்பானியர் கையில் ஒப்படைத்துவிட்டுப் போனார். ஒரே பிற்பகலில் அத்தனை பேரும் போர்க்கைதிகள். அவர்களிலிருந்து, கேப்டன் மோகன் சிங் தலைமையில், முதல் இந்திய தேசிய ராணுவம் பிறந்தது. ஐ.என்.ஏ.வின் கதை தொடங்குவதே கைதி என்ற சொல்லில்தான். பிரிட்டிஷாருக்காகப் போரிட்டு ஜப்பானியரிடம் கைதியானவர்களில் பலர், பிறகு ஜப்பானியர் பக்கம் நின்று போரிட்டு, பிரிட்டிஷாரிடம் மறுபடி கைதியானார்கள். ஒரே ஆள், இரண்டு சிறை, இரண்டு எஜமான்.

அந்த முதல் படை 1942 கடைசியில் ஜப்பானியரோடு ஏற்பட்ட சண்டையில் கலைந்தது. 1943 ஜூலை 2 அன்று போஸ் சிங்கப்பூர் வந்து இறங்கிய பிறகுதான் அது மறுபடி எழுந்தது. இந்த முறை சிப்பாய்கள் மட்டும் போதாது என்றார் போஸ். சாதாரண மக்களும் வர வேண்டும் என்றார். வந்தார்கள். தோட்டத்துத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் வந்தார்கள்.

ஏன் வந்தார்கள் என்பதை வீரக்கதையாக மட்டும் சொன்னால் அது பாதி உண்மைதான். அப்போது ஜப்பானியர் தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் நடுவே 415 கிலோமீட்டர் ரயில்பாதை போட்டுக்கொண்டிருந்தார்கள். சயாம் மரண ரயில் என்று பின்னால் பெயர் வாங்கியது அது. தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களை அதற்குப் பிடித்துப் போனார்கள். காலராவிலும் பட்டினியிலும் போனவர்களில் பெரும்பங்கு திரும்பவில்லை. தோட்டத்தில் இருந்தால் பட்டினி, பிடித்துப் போனால் ரயில், படையில் சேர்ந்தால் ஒரு உடுப்பு, ஒரு துப்பாக்கி, ஒரு மரியாதை. கூலி என்று கூப்பிடப்பட்டவனை ஜவான் என்று கூப்பிட்டார்கள். ஐயன்னா தாத்தா இதை ஒரே வரியில் சொல்வார்: "சாகத்தான் போறோம்னு தெரிஞ்சுபோச்சு. எதுக்குச் சாகுறோம்னு நாமளே முடிவு பண்ணிக்கிருவோம்னு போனோம்."

2

1943 ஜூலை 12. சிங்கப்பூரில் பெண்கள் கூட்டம். போஸை வரவேற்க 20 பெண்கள் சேலையில், கையில் துப்பாக்கியோடு அணிவகுத்து நின்றார்கள். அவர்களைத் திரட்டியவர் டாக்டர் லட்சுமி. பெண்களுக்கென்று தனிப்படை அமைக்கும் பொறுப்பை போஸ் அவரிடமே கொடுத்தார். அக்டோபர் 21 அன்று ஆசாத் ஹிந்த் தற்காலிக அரசு அறிவிக்கப்பட்டபோது அந்த அமைச்சரவையில் இருந்த ஒரே பெண் அவர். மறுநாள், அக்டோபர் 22, ஜான்சி ராணி படையின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது.

அந்தப் படையில் சேர்ந்தவர்களில் பலர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். விடியும் முன்னே பால் வடிக்கப் போய்ப் பழகிய கைகள். துரை வந்தால் ஒதுங்கி நிற்க வேண்டும் என்று மட்டுமே சொல்லிக் கொடுக்கப்பட்டவர்கள். மூன்று மாதத்தில் அதே பெண்கள் கால்சட்டை போட்டு, முடி வெட்டி, இரவு அணிநடை போனார்கள். லட்சுமி சென்னையில் வளர்ந்தவர், தமிழ் தெரிந்தவர். மயிலாப்பூர்ப் பக்கத்து வக்கீல் வீடுகளில் ஒரு தோட்டத் தொழிலாளி பின்வாசல் வழியாகத்தான் வந்திருக்க முடியும். இங்கே ஒரே கூடாரம், ஒரே சாப்பாடு. வரலாற்றில் இது எவ்வளவு அபூர்வம் என்று நமக்கு உறைப்பதில்லை. ஏனென்றால் "கேப்டன் லட்சுமி" என்ற ஒற்றைப் பெயரை மட்டும் மனப்பாடம் செய்துவிட்டு நாம் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டோம்.

இம்பால் போர் 1944-இல் தோல்வியில் முடிந்தது. ராணிகள் பர்மாவில் போர்முனைக்குப் பின்னால் மருத்துவமனையில் காயம்பட்டவர்களைப் பார்த்துக்கொண்டார்கள். 1945 ஏப்ரல் 24 அன்று போஸ் ரங்கூனை விட்டுக் கிளம்பினார். பெண்களைப் பத்திரமாக வீடு சேர்க்காமல் போக மாட்டேன் என்று அவர்களில் ஒரு பகுதியினரையும் கூடவே அழைத்துக்கொண்டார். வழியெல்லாம் விமானத் தாக்குதல். பெரும்பகுதி நடை. அந்தப் பின்வாங்கலில் ஸ்டெல்லா, ஜோசபின் என்ற இரண்டு பெண்கள் கொல்லப்பட்டார்கள் என்று அந்தப் படையின் வரலாறுகள் சொல்கின்றன. இரண்டு பெயர்கள். ஊர் என்ன, அப்பன் ஆத்தாள் யார் என்பதெல்லாம் பாடப்புத்தகத்தில் கிடையாது.

ரங்கூனில் ஒழுங்கைக் காக்கச் சில ஆயிரம் பேரோடு விட்டுவிட்டுப் போனது ஒரு தமிழரிடம். மேஜர் ஜெனரல் ஏ. டி. லோகநாதன், தொழிலில் டாக்டர். மே மாதம் பிரிட்டிஷ் படை வந்ததும் அவர்கள் சரணடைந்தார்கள். ஐயன்னா தாத்தா கைதியானது அங்கேதான். அதே மே மாதம் பர்மாவில் லட்சுமியும் பிரிட்டிஷாரிடம் பிடிபட்டார். 1946 மார்ச் வரை பர்மாவிலேயே வைத்திருந்துவிட்டுப் பிறகு இந்தியாவுக்கு அனுப்பினார்கள்.

3

பிடிபட்டவர்களைப் பிரிட்டிஷார் என்னவென்று அழைப்பது? இது வெறும் பெயர்ச் சிக்கல் இல்லை. போர்க்கைதி என்றால் எதிரி நாட்டுச் சிப்பாய். அவனுக்குச் சர்வதேசச் சட்டப்படி ஒரு மரியாதை உண்டு. துரோகி என்றால் தூக்கு. விசாரணை அதிகாரிகள் ஐ.என்.ஏ. ஆட்களை வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று மூன்றாகப் பிரித்தார்கள். கட்டாயத்தால் போனவன் வெள்ளை. பாதி மனசோடு போனவன் சாம்பல். நம்பிக்கையோடு போனவன் கறுப்பு. நிறத்தைப் பொறுத்து விடுதலை, விசாரணை, அல்லது சம்பளமில்லாத பணிநீக்கம்.

1945 நவம்பரில் டெல்லி செங்கோட்டையில் மூன்று அதிகாரிகளை ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள்: ஷா நவாஸ் கான், பிரேம் குமார் சேகல், குர்பக்ஷ் சிங் தில்லான். முஸ்லிம், இந்து, சீக்கியர். பிரிட்டிஷார் செய்த தவறுகளிலேயே பெரிய தவறு அதுதான் என்று சொல்லலாம், ஏனென்றால் அந்த மூன்று பெயர்களும் சேர்ந்தே நாட்டை ஒன்றாக்கிவிட்டன. எதிர்த்தரப்பில் வாதாடிய பூலாபாய் தேசாய் வைத்த வாதத்தின் சாரம் இது: அடிமைப்பட்ட மக்களுக்குத் தங்கள் விடுதலைக்காகப் போர் தொடுக்க உரிமை உண்டு, ஆகவே இவர்கள் போர்வீரர்கள், துரோகிகள் இல்லை. நீதிமன்றம் ஆயுள்தண்டனை கொடுத்தது. நாடு கொதித்துக்கொண்டிருந்ததால் 1946 ஜனவரியில் தளபதி ஆச்சின்லெக் அதை ரத்து செய்தார். விடுதலையான பிரேம் சேகலை லட்சுமி 1947 மார்ச்சில் லாகூரில் கல்யாணம் செய்துகொண்டார். ஷா நவாஸ் பிறகு நாடாளுமன்றம் போய் மந்திரியானார்.

இப்படி மேலே இருந்தவர்களின் கைதி வாழ்க்கை ஊரறிய நடந்தது. தேதி, தீர்ப்பு, பத்திரிகைப் படம் எல்லாம் உண்டு. கீழே இருந்தவர்களுக்கு? பர்மாவிலும் மலாயாவிலும் இருந்த முகாம்களில் சில மாதம், சில விசாரணை, பிறகு ஒரு கப்பல், சென்னைத் துறைமுகத்தில் இறக்கிவிட்டு "போ" என்று ஒரு சொல். சிப்பாயாக இல்லாமல் தோட்டத்திலிருந்து நேரே சேர்ந்தவர்களைப் பலநேரம் அங்கேயே கலைந்து போகச் சொல்லிவிட்டார்கள். ராணிகளில் பெரும்பாலோரைப் படை கலையும் முன்னே போஸே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

சிங்கப்பூர் கடற்கரையில், போரின் கடைசி மாதங்களில், இறந்த ஐ.என்.ஏ. வீரர்களுக்கு ஒரு நினைவுச்சின்னம் எழுப்பினார்கள். 1945 ஜூலை 8 அன்று போஸ் அதற்கு அடிக்கல் நாட்டினார். செப்டம்பரில் பிரிட்டிஷ் படை திரும்பியதும் மவுண்ட்பேட்டன் உத்தரவில் அது தகர்க்கப்பட்டது. அந்த இடத்தில் இன்றிருப்பது 1995-இல் வைத்த ஓர் அடையாளப் பலகை. கல்லை உடைத்தாயிற்று. நினைவு ஆட்களிடம்தான் மிச்சம் இருந்தது.

4

இப்போது டி. கல்லுப்பட்டிக்குத் திரும்பி வருகிறேன். காரணம் உண்டு.

வரலாறு படித்த யாரிடமாவது எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னால் "காந்தி நிகேதன் இருக்கிற ஊரா?" என்பார்கள். 1940-இல் கோ. வேங்கடாசலபதி தொடங்கிய ஆசிரமம். காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே. சி. குமரப்பா தன் கடைசி ஆண்டுகளை இங்கேதான் கழித்தார். 1960-இல், காந்தி இறந்த அதே ஜனவரி 30-இல் அவரும் மறைந்தார். கதர், சிறை, நிர்மாணப்பணி என்ற ஒரு பாதை எங்கள் ஊருக்குள் இப்படி ஓடுகிறது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் துப்பாக்கி பிடித்த பாதை, ரோட்டுக்கு இந்தப் பக்கம் ராட்டை பிடித்த பாதை என்று நாங்கள் சிரித்துக்கொள்வோம். ஊரில் யாரும் இரண்டையும் எதிரெதிராக நிறுத்தியதில்லை. ஒரே வீட்டுச் சுவரில் காந்தி படமும் நேதாஜி படமும் பக்கத்துப் பக்கத்தில் தொங்கும்.

ஆனால் காகிதம் இரண்டையும் வேறுவேறாகத்தான் பார்த்தது. மதுரைச் சிறையிலோ வேலூர்ச் சிறையிலோ இருந்த ஒரு சத்தியாகிரகிக்குப் பதிவேடு உண்டு. உள்ளே போன தேதி, கைதி எண், வெளியே வந்த தேதி. 1972 ஆகஸ்ட் 15 அன்று, சுதந்திரத்தின் வெள்ளிவிழாவில், மத்திய அரசு தியாகிகள் பென்ஷன் திட்டத்தைக் கொண்டுவந்தபோது அந்தப் பதிவேடுகள் உதவின. ஆறு மாதமாவது சிறையில் இருந்திருக்க வேண்டும் என்பது பொது விதி. பெண்களுக்கும் பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் பின்னர் மூன்று மாதம் போதும் என்றாக்கினார்கள். 1980-இல் வருமான வரம்பை எடுத்தார்கள். ஐ.என்.ஏ.வினரும் திட்டத்துக்குள் உண்டு.

பதிவேடு இல்லாதவன் என்ன செய்வது? அதற்கு விதியில் ஒரு வழி வைத்தார்கள். உடன் சிறையிருந்தவர் சான்று. கூடச் சிறையில் கிடந்த, ஏற்கனவே நிரூபிக்கப்பட்ட தியாகிகள் எழுதித்தர வேண்டும்: ஆமாம், இவர் என்னோடு இருந்தார்.

இந்த விதியை முதலில் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. யோசிக்க யோசிக்க வேறொன்று தோன்றியது. அரசாங்கக் காகிதங்களிலேயே இவ்வளவு மனிதத்தன்மையுள்ள ஒரு காகிதம் வேறு இருக்குமா? கலெக்டர் சொன்னால் போதாது, கட்சி சொன்னால் போதாது. பக்கத்தில் கிடந்தவன் சொல்ல வேண்டும் என்கிறது. பட்டினியை, அடியை, காய்ச்சலைப் பங்கு போட்டவன் சொல்லுக்குத்தான் மதிப்பு என்கிறது. சிக்கல் ஒன்றே ஒன்றுதான். பக்கத்தில் கிடந்தவன் உயிரோடு இருக்க வேண்டும். அவன் முகவரி தெரிந்திருக்க வேண்டும். ரப்பர் தோட்டத்திலிருந்து வந்து, பர்மாவில் கூடாரம் பகிர்ந்து, சென்னைத் துறைமுகத்தில் திசைக்கொருவராகப் பிரிந்த கூலிகளுக்கு அது எங்கே நடக்கும்?

போலிகளும் வந்தார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. பென்ஷன் என்றதும் சிறையே பார்க்காதவர்களும் வரிசையில் நின்றார்கள். அதனால் கெடுபிடி கூடியது. கெடுபிடியில் முதலில் அடிபட்டது ஆதரவில்லாத உண்மையான ஆட்கள். உச்ச நீதிமன்றம் 1993-இல் முகுந்த் லால் பண்டாரி வழக்கில், இந்தத் திட்டத்தின் நோக்கமே கௌரவிப்பதுதான், ஆகவே தாமதமாக விண்ணப்பித்தார்கள் என்பது போன்ற காரணம் சொல்லி விரட்டக் கூடாது என்றது. 2001-இல் குர்தியால் சிங் வழக்கில், அரை நூற்றாண்டு கழித்துக் குற்ற வழக்கைப் போல ஆதாரம் கேட்பது நியாயமில்லை என்றது. நல்ல தீர்ப்புகள். ஆனால் தீர்ப்பு டெல்லியிலிருந்து எங்கள் பக்கத்துத் தாலுகா அலுவலக மேஜைக்கு வந்து சேர எத்தனை வருஷம் ஆகும் என்று அந்த மேஜை முன்னால் நின்றவர்களுக்குத் தெரியும். மதுரையில் உயர் நீதிமன்றக் கிளை வந்த பிறகும்கூட ஐ.என்.ஏ. வீரர்களும் அவர்களுடைய விதவைகளும் மனுப் போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

5

உலகத்தில் மற்ற இடங்களில் இது எப்படி நடக்கிறது? அமெரிக்க செனட்டர் ஜான் மெக்கெய்ன் 2018 ஆகஸ்ட் 25 அன்று இறந்தார். 1967 அக்டோபரில் ஹனோய் மேலே அவருடைய விமானம் சுடப்பட்டு, ஓர் ஏரியில் விழுந்து பிடிபட்டவர். ஐந்தரை ஆண்டு சிறை. அவருடைய அப்பா பெரிய கடற்படைத் தளபதி என்று தெரிந்து, வியட்நாம் அவரை முன்கூட்டியே விடுவிக்க முன்வந்தது. எனக்கு முன்னால் பிடிபட்டவர்கள் போகாமல் நான் போக மாட்டேன் என்று அவர் மறுத்தார். அவர் இறந்ததும் கூடச் சிறையிருந்தவர்கள் அவரைப் பற்றிப் பேசினார்கள். ஹனோயில் அந்த ஏரிக்கரையில் அவர் பிடிபட்டதைக் கொண்டாடி வைத்த சிலைக்கு முன்னால் மலர்கள் குவிந்தன. போரில் அமெரிக்கா செய்ததற்கு அந்த மலர்கள் மன்னிப்பு ஆகாது. அது வேறு கணக்கு. நான் கவனிப்பது ஒன்றைத்தான். 1973-இல் வியட்நாமிலிருந்து திரும்பிய அமெரிக்கக் கைதிகள் 591 பேர். ஒவ்வொருவருக்கும் பெயர், தேதி, முகவரி உண்டு. அவர்கள் ஒருவருக்கொருவர் சாட்சி சொல்ல முடிந்தது.

தலைவருக்குப் பழைய வீரர்கள் வைக்கும் சல்யூட்டின் அர்த்தம் இதில்தான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. அரசு வைக்கும் மலர்வளையம் அந்த மனிதரின் பதவிக்கு. கட்சி போர்த்தும் கொடி கொள்கைக்கு. கூடக் கிடந்தவன் நெற்றிக்குக் கொண்டுபோகும் கை ஒரு சான்றிதழ்: ஆமாம், இவர் எங்களோடு இருந்தார். அதே நிமிஷம் அது எதிர்ப்பக்கமும் வேலை செய்கிறது: நாங்களும் அங்கே இருந்தோம்.

மலாயாவில் இது ஓரளவு நடந்தது. பதினெட்டு வயதில் ஜான்சி ராணி படையில் சேர்ந்து, லட்சுமிக்கு அடுத்த நிலைக்கு உயர்ந்தவர் ஜானகி தேவர். பிறகு ஜானகி ஆதி நாகப்பன். மலாய இந்தியன் காங்கிரஸ் தொடங்கிய காலத்திலிருந்து அரசியலில் இருந்து, மலேசிய மேலவை உறுப்பினரானார். இந்திய அரசு 2000-இல் பத்மஸ்ரீ கொடுத்தது. 2014 மே 9 அன்று மறைந்தார். அவர் வாழ்ந்தவரை அந்தப் பெண்களுக்கு ஒரு வாய் இருந்தது.

6

கேப்டன் லட்சுமி இங்கே என்ன செய்தார்? கான்பூரில் ஒரு கிளினிக் வைத்தார். பிரிவினையில் ஓடிவந்தவர்களுக்குப் பார்த்தார். 1971-இல் வங்கதேச அகதிகளுக்குப் பார்த்தார். 1981-இல் சென்னையில் தொடங்கிய அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கத்தின் நிறுவனர்களில் ஒருவர். 1984-இல் போபாலுக்கு மருத்துவக் குழுவோடு போனார். அதே ஆண்டு சீக்கியர்களுக்கு எதிராகக் கலவரம் வந்தபோது கான்பூரில் தெருவில் இறங்கி நின்றார். தொண்ணூறு வயதைத் தாண்டியும் காலையில் நோயாளிகளைப் பார்த்தார். 1998-இல் பத்மவிபூஷண் வந்தது.

2002-இல் இடதுசாரிகள் அவரைக் குடியரசுத் தலைவர் தேர்தலில் நிறுத்தினார்கள். எதிரில் நம் ராமேஸ்வரத்து ஏ.பி.ஜே. அப்துல் கலாம். தி.மு.க., அ.தி.மு.க. இரண்டுமே கலாமுக்குத்தான். நியாயமான பெருமைதான், நம்மூர்க்காரர். வாக்கு மதிப்பில் கலாமுக்கு 9,22,884, லட்சுமிக்கு 1,07,366. அப்போது பள்ளிக்கூடத்தில் நாங்களெல்லாம் கலாமுக்குக் கைதட்டினோம். ராமநாதபுரத்துப் பையன் ஜெயித்தான் என்று தமிழ்நாடு கொண்டாடிய அந்த வாரத்தில், ராமநாதபுரத்திலிருந்தும் மதுரையிலிருந்தும் கப்பலேறிய கூலிகளின் பெண்பிள்ளைகளுக்குத் தலைமை தாங்கிய 87 வயது சென்னைக்காரி தோற்றார் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கலாமுக்குத் தட்டியது குறைந்திருக்காது. இவருக்கும் கொஞ்சம் தட்டியிருப்போம்.

பத்து வருஷம் கழித்து, 2012 ஜூலை 22 அன்று பிரணாப் முகர்ஜி குடியரசுத் தலைவராகத் தேர்வானார். நாடு முழுக்க அதே பேச்சு. மறுநாள் லட்சுமி இறந்தார், 97 வயதில். கண்களைத் தானம் கொடுத்திருந்தார். உடலைக் கான்பூர் மருத்துவக் கல்லூரிக்கு எழுதி வைத்திருந்தார். டாக்டராகத் தொடங்கியவர் மாணவர்களின் மேஜையில் முடித்துக்கொண்டார். சமாதி கிடையாது. போய்ப் பூப்போட ஓர் இடம் கிடையாது. அவருக்கு நினைவிடம் என்று ஏதாவது உண்டென்றால் அது அவரோடு இருந்தவர்களின் ஞாபகம்தான்.

அதனால்தான் அந்தக் கேள்வி. கூட யாரு இருந்தா?

ஐயன்னா தாத்தா கேப்டன் லட்சுமியோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. சிங்கப்பூரில் ஒரு அணிவகுப்பில் தூரத்தில் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான். ஆனாலும் அவர் கேட்டது ஒரு ரசிகனின் கேள்வி இல்லை. ஒரு கைதி போகும்போது இன்னொரு கைதி பக்கத்தில் நின்று "ஆமாம், இவர் எங்களோடு இருந்தார்" என்று சொன்னாரா என்று கேட்டார். தனக்காக அதைச் சொல்ல ஒருத்தரும் கிடைக்காத மனிதர், அவருக்காவது கிடைத்தாரா என்று கேட்டார்.

அன்றைக்குப் பேப்பரை மடித்து வைத்த பிறகு தாத்தா திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். வடக்கு எந்தப் பக்கம் என்று என்னிடம் கேட்டார். காட்டினேன். குதிகாலை ஒட்ட வைக்க முயன்றார், முட்டி ஒத்துழைக்கவில்லை. கை மட்டும் நெற்றிக்குப் போனது. சத்தமில்லாமல் வாய் அசைந்தது. என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. ஜெய்ஹிந்துபுரம் இருக்கிற மாவட்டத்தில் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

மறுவருஷம் அவரும் போய்விட்டார். அரசாங்கத்துக் கணக்கில் அவர் எந்தச் சிறையிலும் இருந்ததில்லை. காட்டுக்கு எடுத்துப் போனபோது கூட யார் இருந்தார்கள் என்று கேட்டால், தெருவே இருந்தது, நானும் இருந்தேன். பர்மாவில் அவரோடு கிடந்தவன் ஒருத்தனும் இல்லை. அதனால் நான் எழுதித் தரும் இந்தச் சான்று செல்லாது என்று தெரியும். இருந்தாலும் எழுதி வைக்கிறேன்: ஆமாம், அவர் அங்கே இருந்தார்.